கேட்பதற்கு முன்னே கொடுத்திருக்க வேண்டும்

2024 ஜூலை 31 அன்று முன்னாள் கிரிக்கெட் வீரர் அன்ஷுமான் கெய்க்வாட் காலமானார். வயது 71, இரத்தப் புற்றுநோய். இரண்டு நாள் கழித்துக் கொழும்பில் இலங்கையை எதிர்த்து ஆடிய இந்திய அணியினர் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு களமிறங்கினார்கள். இரங்கல் செய்திகள் குவிந்தன. 40 டெஸ்ட் ஆடியவர், ஓய்வுக்குப் பின் இந்திய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தவர். அவருக்கு நாடு அந்த மரியாதையைச் செய்தது சரியே. ஆனால் அதற்கு முந்திய சில வாரங்களில் நடந்தவை இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்த கெய்க்வாடைப் போய்ப் பார்த்த அவருடைய அணித்தோழர் சந்தீப் பாட்டீல், சிகிச்சைச் செலவுக்கு அவருக்கு உதவி தேவைப்படுவதைப் பத்திரிகையில் எழுதினார். கபில்தேவ் வெளிப்படையாகவே வேண்டுகோள் விடுத்தார். பழைய வீரர்களைத் தாங்கிப் பிடிக்க நம்மிடம் ஒரு முறையான ஏற்பாடே இல்லை என்று வருந்தினார். தன் ஓய்வூதியத்தைத் தந்துவிடத் தயார் என்றும் சொன்னார். அதன் பிறகு, ஜூலை 14 அன்று, கிரிக்கெட் வாரியம் 1 கோடி ரூபாய் அறிவித்தது. கெய்க்வாட் அதற்குப் பின் 17 நாள் இருந்தார்.

கொடுத்தார்களே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. விளையாடி ஓய்ந்த ஒருவர் நோயில் விழும்போது அவருக்குச் செய்யும் உதவி கருணையில் சேருமா, கடனில் சேருமா என்பதே இங்குள்ள அறக்கேள்வி. கருணை என்றால் கேட்ட பிறகு கொடுக்கலாம், தாமதமாகவும் கொடுக்கலாம், கொடுத்ததை அறிக்கையாகவும் வெளியிடலாம். கடன் என்றால் இவற்றில் எதற்கும் இடமில்லை. அது கடன்தான் என்பதில் ஐயப்பட ஒன்றுமில்லை.

1976-ஆம் ஆண்டு கிங்ஸ்டன் நகரின் சபைனா பார்க் மைதானத்தை நினைத்துப் பார்க்கலாம். தலைக்கவசம் இல்லாத காலம். மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங் வீசிய பந்துகள் நெஞ்சுக்கும் முகத்துக்கும் எழும்பி வந்தன. 23 வயது கெய்க்வாட், மூக்குக் கண்ணாடி அணிந்தபடி, தொடக்க ஆட்டக்காரராக நின்றார். கவாஸ்கருடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 136 ரன். விரலில் அடி, விலாவில் அடி, கடைசியில் காதோரம் ஓர் அடி. 81 ரன்னில் மைதானத்திலிருந்து நேரே மருத்துவமனைக்கு. அந்த டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் காயத்தால் ஐந்து பேர் மட்டை பிடிக்கவே வர முடியாமல் இந்தியா 97 ரன்னில் முடிந்தது. அதே மனிதர்தான் 1983-இல் ஜலந்தரில் பாகிஸ்தானை எதிர்த்து 671 நிமிடம் நின்று 201 ரன் எடுத்தார். இந்த உடம்பு யாருக்காக அடி வாங்கியது?

அந்தத் தலைமுறைக்குப் பணம் கிடைக்கவில்லை. 1983-இல் உலகக் கோப்பையை வென்று வந்த அணிக்குப் பரிசு தர வாரியத்திடமே நிதி இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி செய்து திரட்டிய தொகையிலிருந்துதான் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். அங்கிருந்து 2022-க்கு வந்தால், ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஐந்தாண்டுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்கிறது. இந்தச் செல்வம் வானத்திலிருந்து கொட்டியதன்று. செவியிலும் விலாவிலும் அடிபட்டு, அற்பச் சம்பளத்துக்கு ஆடி, இந்த விளையாட்டை மக்கள் நெஞ்சில் நட்டவர்களின் உழைப்பு இதன் அடியில் இருக்கிறது. ஒரு தலைமுறை விதைத்ததை இன்னொரு தலைமுறை அறுக்கும்போது, விதைத்தவர் வீட்டுக்கு முதல் படி நெல் போக வேண்டும்.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். தக்க காலத்தில் செய்த உதவி அளவில் சிறிதானாலும் உலகத்தைவிடப் பெரிது என்றார். எந்த அறத்தை அழித்தவருக்கும் தப்பும் வழி உண்டு, நன்றியை அழித்தவருக்கு மட்டும் இல்லை என்று தீர்ப்பும் எழுதினார். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் இதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறார். கொடும்பாவங்கள் எனப்படுபவற்றை வரிசைப்படுத்தி, அவற்றுக்கெல்லாம் கழுவாய் உண்டு, நன்றி கொன்றதற்கு இல்லை என்கிறார்.

கொடுக்கும் முறைக்கும் நம் முன்னோர் இலக்கணம் வைத்தார்கள். இல்லை என்ற துயரத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே கொடுப்பது நல்ல குடியில் பிறந்தவரின் இயல்பு என்பது குறள். தாகத்தில் நிற்கும் பசுவுக்குத் தண்ணீர் கேட்பதானாலும் கேட்கும் நாவுக்கு அதைவிட இழிவு வேறில்லை என்பதும் குறள்தான். பெருஞ்சித்திரனார் தொலைவிலிருந்து நடந்து அதியமானிடம் வந்தார். அதியமான் அவரை நேரில் காணாமல் பரிசிலை ஆளிடம் கொடுத்தனுப்பினான். புலவர் அதை வாங்க மறுத்துவிட்டார். வறுமையிலும் அவருக்குத் தன்மானம் முதலில் வந்தது. பாரி இறந்த பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், அவர்களை மணந்துகொள்ளக் கேட்டு நின்றார். கேட்டு நின்றதால் கபிலரின் புகழ் குறையவில்லை. மறுத்த மன்னர்கள்தான் இரண்டாயிரம் ஆண்டாகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஓய்ந்த ஆட்டக்காரருக்காக அவருடைய அணித்தோழர்கள் ஊரறியக் கையேந்த வேண்டி வந்த நாளில், அந்த மன்னர்களின் வரிசை இன்னும் கொஞ்சம் நீண்டது. கெய்க்வாட் 2019-இல் வீரர்களின் பிரதிநிதியாக வாரியத்தின் உச்சக் குழுவிலேயே உட்கார்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருந்தவருக்கே இந்தக் கதி.

இறந்தவரைப் போற்றுவதும் தமிழ் மரபுதானே என்று ஒரு வாதம் வரும். உண்மை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று நடுகல்லுக்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் எண்ணிச் சொல்கிறது. ஆனால் நடுகல் களத்தில் விழுந்த வீரனுக்கு எழுந்தது. காப்பாற்றியிருக்கக் கூடியவரைக் கைவிட்டுவிட்டு அவர் பெயரில் கல் நடுவது அந்த மரபில் சேராது.

பல்பீர் சிங்குக்கு நடந்தது அதுதான். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்றவர். ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா அடித்த ஆறு கோலில் ஐந்து அவருடையவை. 1985-இல் அமையவிருந்த விளையாட்டு அருங்காட்சியகத்துக்கென்று தம் 36 பதக்கங்களையும், நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்களையும், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணிந்த கேப்டன் கோட்டையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கையொட்டி நடந்த கண்காட்சிக்காகக் கேட்டபோது அவை காணவில்லை. 90 வயதைத் தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார். 2020 மே 25 அன்று கண்மூடும் வரை அவை அவர் கைக்கு வரவில்லை. மறைந்த பிறகு மொஹாலி ஹாக்கி மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். கோட்டைத் தேடித் தருவது கடினம், பெயர்ப்பலகை மாட்டுவது எளிது. எளிதானதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவதுதான் இங்கே பெரிய குற்றம்.

2025 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மறைந்த மானுவல் ஃபிரெடெரிக்கையும் நினைக்க வேண்டும். கண்ணூர்க்காரர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியின் கோல்கீப்பர். தியான்சந்த் விருது அவரைத் தேடி வந்தது 2019-இல், 47 ஆண்டுகள் கழித்து. இருபத்துநான்கு வயதில் பதக்கம் வாங்கியவரை எழுபதைக் கடந்த பிறகு மேடையேற்றினார்கள். கிரிக்கெட்டுக்கு வெளியே உள்ளவர்களின் நிலை இதைவிட மோசம். கபடி ஆடியவரும், மாநில அளவில் கால்பந்து ஆடியவரும் நோயில் படுத்தால் அவர்களுக்காகக் குரல் கொடுக்கக் கபில்தேவ் இல்லை.

மறுபக்கமும் உண்டு. வாரியம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 ஜூனில் பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை உயர்த்தியது, சுமார் 900 பேருக்குப் பயன். ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய அரசு மாதம் 20,000 ரூபாய் தருகிறது. சாக்கடை அள்ளுபவருக்கும் நெல் விளைவிப்பவருக்கும் இல்லாத சலுகை பந்து அடித்தவருக்கு எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துக் கேட்போம். அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது இவர்களுக்கு மறுக்கக் காரணமாகாது. மாத ஓய்வூதியம் அரிசிக்கும் வாடகைக்கும் ஆகும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஆகாது.

நாட்டின் சட்டையை ஒரு முறை அணிந்தவர் ஆடுவதை நிறுத்தும் நாளிலிருந்தே, அவரும் அவர் துணையும் வாழும் வரைக்குமான மருத்துவக் காப்பீடு தானாகத் தொடங்க வேண்டும். விண்ணப்பம் கூடாது, சிபாரிசுக் கடிதம் கூடாது, நிலைமை முற்றிய பிறகு கூடும் குழுக் கூட்டம் கூடாது. ஒளிபரப்பு வருமானத்தில் மிகச் சிறு பங்கு இதற்குப் போதும். மற்ற விளையாட்டுகளுக்கு அரசும், அவற்றின் பெயரால் விளம்பரம் தேடும் நிறுவனங்களும் பொறுப்பேற்க வேண்டும்.

மாவட்ட விளையாட்டுச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய பதிவேட்டை எடுத்து, அறுபதைத் தாண்டியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதமே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.