அடுத்தவள் உழைப்பில் கிடைக்கும் விடுதலை

ஒரு பெண் வெளியே சென்று சம்பாதிக்கும் சுதந்திரம் இன்னொரு பெண்ணின் மலிவான உழைப்பின்மேல் நிற்குமானால், அதை நீதியானது எனக் கொள்ளலாமா என்ற கேள்வி தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்சுக்கு மிக நெருக்கமானது. கேனிங், லட்சுமிகாந்தபூர் வழித்தடங்களின் புறநகர் வண்டிகளில் விடியற்காலையில் பாலிகஞ்ச் சந்திப்பில் இறங்கும் பெண்களில் பலர், அங்குள்ள அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கி, சமைத்து, முதியோரைப் பேணுபவர்கள். 2009 மே மாதம் வீசிய ஐலா புயல், அவ்வழித்தடங்கள் செல்லும் திசையிலுள்ள சுந்தரவன வயல்களில் உப்புநீரைப் புகுத்திய பின், பிழைப்புத் தேடி அங்கிருந்து வெளியேறுவோர் பெருகினர்.

உற்பத்தி, கூலி, சொத்து ஆகியவற்றை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்க்கும் அரசியல் பொருளாதாரத்தில், உழைப்பவரை மறுநாள் வேலைக்கு ஆயத்தப்படுத்தும் இத்தகைய பணிகளுக்குச் சமூக மறுவுற்பத்தி என்று பெயர். ஆணும் அரசும் ஏற்காத அச்சுமை, வசதியுள்ள பெண்ணின் தோளிலிருந்து வசதியற்ற பெண்ணின் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

பாலியல் உரிமையும் இங்கேதான் கூலியோடு பிணைகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றுக்கொண்டு, வீட்டுப் பணியாளர் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிட வழிசெய்துள்ளது. ஆயினும் அன்றன்றைய சம்பாத்தியத்தில் அடுப்பெரிப்பவருக்கு, புகார் என்பது அந்த வீட்டோடு அதே அடுக்ககத்தின் மற்ற வீடுகளையும் இழக்கும் ஆபத்தாகவே இருக்கிறது. தொடாதே என்று சொல்லும் உரிமையைச் சட்டம் தந்தாலும், சொல்லிவிட்டு அந்த மாதத்தைக் கடத்தும் வலிமையைச் சேமிப்பும் சங்கமும்தான் தர முடியும். வேலை செய்யும் வீட்டின் கழிப்பறையைக்கூடப் பயன்படுத்த முடியாமை, இன்றும் இப்பெண்கள் எழுப்பிவரும் குறை.

வேலைக்கு வைக்கும் பெண்ணின் சம்பளமும் பெரிதல்ல, கணவர் வீட்டுவேலையில் பங்கேற்பதில்லை, நம்பத்தக்க குழந்தைகள் காப்பகமும் இல்லை என்னும் வாதம் உண்மையானதே. அது பொறுப்பை ஆண்களுக்கும் அரசுக்கும் விரிக்கிறதே தவிர, அப்பெண்ணை விடுவிப்பதில்லை. பூஜைக்காலப் புடவையும் அன்பான பேச்சும், எழுதி உறுதிசெய்த கூலிக்கும் வார விடுமுறைக்கும் ஈடாக மாட்டா, ஏனெனில் அவற்றைக் கொடுப்பவர் விரும்பியபோது நிறுத்திக்கொள்ளலாம். 2018-இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்ற, மேற்கு வங்க வீட்டுப் பணியாளர் அமைப்பான பச்சிம் பங்க கிருஹ பரிசாரிகா சமிதி கேட்பதும் கருணையன்று, தொழிலாளர் என்ற தகுதியே. வீட்டுப் பணியாளர்களுக்கான, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையை 2011-இல் வாக்களித்து ஆதரித்த இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.