குடித்தனம் இல்லாத வீடுகள்

பார்சிலோனா நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட உரிமம் பெற்ற வீடுகள் 10,101. அவற்றில் ஒன்றின் உரிமத்தைக்கூடப் புதுப்பிக்கப் போவதில்லை, 2028 நவம்பருக்குள் அத்தனையும் குடியிருப்பு வீடுகளாகத் திரும்ப வேண்டும் என்று அந்நகர மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். பத்தாண்டில் வீட்டு வாடகை 68 விழுக்காடு ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். உரிமம் வாங்கி, வரி கட்டி, ஒளிவுமறைவில்லாமல் நடத்திவந்த தொழிலை ஓர் அறிவிப்பால் மூடச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பேராசைக்காரர்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. தப்புச் செய்யாதவர்மேல் சட்டம் கைவைக்கும்போது அதற்கான நியாயத்தை அரசுதான் சொல்லியாக வேண்டும்.

அந்த நியாயத்தைத் தேடப் பார்சிலோனெட்டா நல்ல இடம். கடலை ஒட்டி 18ஆம் நூற்றாண்டில் நேர்நேராகத் தெருக்கள் வகுத்து உண்டாக்கிய பகுதி அது. மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியிருந்தார்கள். வீடு தேடி வந்தவர்கள் பெருகப் பெருக, ஒரு வீட்டை நான்காக வகுத்து, முப்பது சதுர மீட்டரை ஒட்டிய கால் வீடுகளாக்கினார்கள். ஒரு குறுகலான படிக்கட்டு, அதன் இருபுறமும் கதவுகள். பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பயணிகளுக்கு இந்தச் சின்ன வீடுகள் மிகவும் பிடித்துப்போயின.

அப்படிப்பட்ட படிக்கட்டில் என்ன நடக்கும்? நடு இரவில் விமானத்தில் வந்திறங்கியவர் சக்கரப் பெட்டியைப் படிப்படியாக இழுத்து ஏற்றுவார். கதவு எண் குழம்பி வேறொரு வீட்டு மணியை அடிப்பார். விடிந்ததும் மன்னிப்புக் கேட்கக்கூடிய நல்ல மனிதராகவே அவர் இருக்கலாம். மூன்று நாளில் போய்விடுவார், அடுத்தவர் வருவார். மாடியில் தனியாக இருக்கும் மூதாட்டி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லையே என்று கவனிக்க எதிர்வீட்டில் ஆள் இருக்காது. மேல்வீட்டுக் குழாய் கசிந்து சுவர் ஊறினால் யாரைப் போய்க் கேட்பது? வீட்டுக்காரர் எங்கோ இருப்பார். சாவி, சுவரில் மாட்டிய சிறு பெட்டிக்குள் இருக்கும். 2014 ஆகஸ்டில் பார்சிலோனெட்டா மக்கள் பல இரவுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆடையில்லாமல் சில பயணிகள் அங்கே சுற்றிய படம் பத்திரிகைகளில் வந்தது அதற்கு உடனடிக் காரணம். உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது அதைவிடப் பழைய கோபம்.

இங்கே கவனிக்க வேண்டியது, தனித்தனியாகப் பார்த்தால் ஒருவரும் குற்றவாளி இல்லை என்பது. பத்து வீடுள்ள கட்டடத்தில் ஒரு வீட்டைப் பயணிகளுக்கு விட்டால் யாருக்கும் கேடில்லை. ஏழு வீடு அப்படி ஆகிவிட்டால் மீதி மூன்று வீட்டாருக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. ஏழாவது வீட்டுக்காரர் செய்தது முதல் வீட்டுக்காரர் செய்ததைவிடக் கொடியதா? இல்லை. இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். ‘நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை’ என்று ஒவ்வொருவரும் மனமறிந்து சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியும் ஒரு கட்டடம் குடியிருக்க லாயக்கற்றதாகிவிடும். தனிமனித மனசாட்சி எட்டிப் பிடிக்க முடியாத தீங்கு இது. ஊர் கூடி வரம்பு கட்டுவதற்கான உரிமை இங்கிருந்துதான் பிறக்கிறது. ஸ்பெயின் நாட்டு அரசியல் சாசனம் சொத்துரிமையை ஏற்கும் அதே 33ஆவது பிரிவில், சொத்துக்குச் சமூகக் கடமை உண்டு, உரிமையின் எல்லையை அது வகுக்கும் என்கிறது. தன் வீட்டை எப்படியும் பயன்படுத்தலாம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

வாடகையைக் காரணமாகக் காட்டியதில்தான் மேயரின் வாதம் பலவீனப்படுகிறது. பார்சிலோனாவை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஏர்பிஎன்பி என்ற நாள் வாடகை இணையதளத்தின் வரவால் நகரில் சராசரியாக வாடகை 1.9 விழுக்காடும், பயணிகள் மிகவும் குவிந்த பகுதிகளில் 7 விழுக்காடும் கூடியதாகக் கணக்கிட்டது. அந்தப் பகுதியில் குடியிருக்கும் கூலிக்காரருக்கு 7 விழுக்காடு சின்னத் தொகை இல்லை. ஆனாலும் 68 விழுக்காட்டு ஏற்றத்தை அது விளக்கிவிடாது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் 5 முதல் கடுமையான சட்டம் அமலுக்கு வந்து, நாள் வாடகை வீடுகள் பெருமளவு மறைந்தன. வாடகை இறங்கவில்லை. உடனே, சட்டம் தோற்றது என்று சிலர் எழுதினார்கள். வாடகையைக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்து இந்தச் சட்டத்தைக் கொண்டுவருவது மக்களை ஏய்ப்பதாகும். படிக்கட்டின் இருபுறமும் மனிதர் வாழ வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தால் அது வாடகைக் கணக்கை நம்பி நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் சட்டம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்பதே. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டிலேயே காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்கவைத்ததில்தான் ஏர்பிஎன்பி தொடங்கியது. வீட்டுக்காரர் உள்ளே இருந்தார், விருந்தினர் பக்கத்து அறையில் படுத்தார். அதில் அறப்பிழை எதுவும் இல்லை. நியூயார்க் சட்டம் ஏறக்குறைய அந்த நிலைக்கே திரும்பச் சொல்கிறது: முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்குவதென்றால் வீட்டில் வசிப்பவரும் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது, உள்ளறைகளைப் பூட்டித் தனித்தனியாகப் பிரிக்கக் கூடாது. ஆம்ஸ்டர்டாம் சொந்த வீட்டை ஆண்டுக்கு அதிகபட்சம் 30 இரவு விட இடம் கொடுக்கிறது. பாரிஸ் 120 நாளாக இருந்த வரம்பை 2025 முதல் 90 ஆக்கிவிட்டது. ஊருக்குப் போகும்போது வீட்டை வாடகைக்கு விட்டுப் போகலாம், வீட்டையே விடுதியாக்கக் கூடாது என்பதுதான் இவற்றின் உட்பொருள்.

இந்த அளவுகோலில் பார்சிலோனா ஓரிடத்தில் தவறுகிறது. 2021இல், குடியிருப்பவர் தம் வீட்டின் ஓர் அறையை 31 நாளுக்குக் குறைவாகப் பயணிக்கு விடுவதையும் அந்நகரம் தடை செய்தது. பிள்ளைகள் வெளியேறிய பின் காலியான அறையை விட்டு மாதச் செலவைச் சமாளிக்கும் கைம்பெண்ணையும், ஐம்பது ஃபிளாட்டுகளை நிர்வகிக்கும் நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் ஆகாது. அவர் அந்தப் படிக்கட்டில் வாழ்கிறவர். விருந்தினர் சத்தம் போட்டால் அடக்க அவரே இருக்கிறார். நியூயார்க்கிலும் இதே நெருடல் உண்டு. கீழ்வீட்டில் தாம் குடியிருந்து மேல்வீட்டை நாள் வாடகைக்கு விட்டுக் கடன் தவணை கட்டிவந்த இரட்டை வீட்டுக்காரர்களுக்கும் தடைதான். மேல்வீடு ஒரு குடும்பத்துக்கு ஆகும் என்பது சரியே. ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் அதே கூரையின் கீழ் உறங்குகிறார், அந்த வித்தியாசத்தைச் சட்டம் பார்க்கவில்லை.

இனி, உரிமம் வைத்திருப்பவர்களின் குறை. பார்சிலோனா 2014இல் புதிய உரிமங்களை நிறுத்தியது. கிடைக்காத பொருளாகிவிட்டதால் பழைய உரிமங்களுக்குத் தனி மதிப்பு வந்தது. உரிமத்தோடு உள்ள வீடு கூடுதல் விலைக்குப் போனது. அந்தக் கூடுதல், நகரம் கதவை மூடியதால் உள்ளே இருந்தவர்களுக்குச் சும்மா வந்த ஆதாயம். அதைத் திரும்ப எடுப்பதைப் பறிமுதல் என்று சொல்வதற்கில்லை. பார்சிலோனா அடங்கிய கட்டலோனியா மாநில அரசு 2023 நவம்பரில் போட்ட ஆணை இந்த உரிமங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் செல்லும் என்றது. கட்டடம் கட்டடமாக வாங்கிப் போட்டவர்களுக்கு ஐந்தாண்டு தாராளம். அந்தக் கூடுதல் விலையைக் கடன் வாங்கிக் கொடுத்து ஒரே ஒரு வீடு வாங்கியவரின் நிலை வேறு. ஆதாயம் முந்தைய உரிமையாளர் கைக்குப் போய்விட்டது, நட்டம் மட்டும் இவருக்கு. அரசு கொடுத்த தாளை நம்பியவரிடம் அரசுக்கு ஒரு கடப்பாடு உண்டு. அந்த வீட்டை நீண்டகால வாடகைக்கு மாற்றினால் சில ஆண்டுகள் வரிச்சலுகை தரலாம். அந்த வீடுகளில் படுக்கை விரித்துக் குளியலறை கழுவிப் பிழைத்த பெண்களையும் மறக்கக் கூடாது. உரிமம் இல்லாத அவர்களுக்கு அவகாசமும் கிடையாது.

மேயருக்கும் ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. ஸ்பெயினில் அரசே கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள் மிகக் குறைவு. அந்தக் குறையைச் சுற்றுலாப் பயணியின் தலையில் கட்டித் தப்பிக்க இயலாது. இன்னொரு சந்தும் உண்டு. பயணிக்கு விடுவது 31 நாளோடு முடிகிறது. அதைத் தாண்டி, பதினோரு மாதம் வரை ‘பருவகால வாடகை’ என்று எழுதி, குடும்பங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் தரும் பொறுப்பிலிருந்து நழுவியோர் பார்சிலோனாவில் பலர். பத்தாயிரம் வீடுகளும் அந்தச் சந்தில் புகுந்துவிட்டால் மூதாட்டியின் எதிர்வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முகம் மாறும், அவ்வளவே. எனவே 2028 நவம்பருக்குப் பின் ரத்தான உரிமங்களை எண்ணிக் காட்டுவது போதாது. நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் அந்த 10,101 முகவரிகளையும் எடுத்து, எத்தனை வீட்டுக்கு நேரே குடித்தனக்காரர் பெயர் ஏறியிருக்கிறது, அடுத்த ஆண்டும் அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கணக்கை மேயர் வெளியிட வேண்டும்.