எந்தத் தோட்டம்?

பதுளை பஸ் நிலையத்தில் முன்பின் அறியாத மலையகத் தமிழர் இருவர் பேசத் தொடங்கினால், ஊரைக் கேட்பதற்கு முன் ‘நீங்க எந்தத் தோட்டம்?’ என்றுதான் கேட்கிறார்கள். ஆங்கிலச் சட்டநூல்கள் இன்றும் இலத்தீனிலேயே வழங்கும் ஒரு தொடர் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது: ‘ஜூஸ் சோலி’, மண்ணால் வரும் உரிமை. அதன் எதிரிணை ‘ஜூஸ் சாங்குவினிஸ்’, குருதியால் வரும் உரிமை.

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் குருதியின் பக்கம் சாய்ந்தது. இங்கே பிறந்தவர், தம் தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் பிறந்த எத்தனை தகப்பன்மாருக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது? தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தது. அது உழைத்ததற்கு மட்டுமே சாட்சி. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மனிதரை இப்படி எண்ணிப் பிரிக்க எந்த இலத்தீன் தொடரும் நியாயம் தராது என்றே நான் நினைக்கிறேன். தலைமன்னாரில் கப்பலேறிப் போய் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களை அங்குள்ளோர் ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே தங்கியவர்களோ குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானார்கள். குருதியைக் காட்டி அனுப்பப்பட்டவர்களை அந்த நாடு மண்ணின் பெயரால் அழைத்தது. மண்ணிலேயே நிலைத்தவர்களை இந்த நாடு குருதியின் பெயரால் அழைத்தது.

‘ஜூஸ்’ என்ற சொல் இலத்தீனில் சட்டத்தையும் குறிக்கும், உரிமையையும் குறிக்கும். நம் ‘உரிமை’யோ உறவைத் தொட்டு நிற்பது, ‘உரிமையோடு கேட்கிறேன்’ என்று நெருங்கியவரிடம்தான் சொல்கிறோம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமையை வழங்கியது. ஆனால் சட்டம் வழங்கியதைச் சட்டமே பறித்துக்கொள்ளவும் கூடும் என்பதை ஒருமுறை அனுபவித்துவிட்ட மக்கள், அஞ்சாமல் வாய்திறந்து கேட்கும் அந்த இயல்பான உரிமையை அடைவதற்கு, பக்கத்தில் வாழ்வோர் அவர்களுடைய கேள்வியை அயலாரின் விண்ணப்பமாகக் கருதாமல் தம் வீட்டுக்குள் எழும் குரலாகக் கேட்கப் பழகுவதும் வேண்டியிருக்கிறது.

பிரஜாவுரிமை வந்த பிறகு, 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த லயக்குடும்பங்களுக்கு அந்த மண்ணில் காணி உறுதி இருக்கவில்லை.