இரண்டு அமானிதங்கள்

வளைகுடாவில் உழைக்கும் மகன் அனுப்பிய படங்களைத் தாயொருத்தி கைப்பேசியில் நாள்தோறும் கண்டு மகிழ்கிறாள். அப்படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், நம்மில் பலர் ஆகாயத்தைக் காட்டுவோம். ஆனால், அவை இருப்பது மண்ணில்தான். எங்கோ ஒரு கட்டடத்தில், வரிசை வரிசையாய் நிற்கும் கணினிகளில், அவை அமானிதமாகக் காக்கப்படுகின்றன. அக்கட்டடத்தையே தரவு மையம் என்கிறோம்.

அம்மையம் ஒரு நொடியும் உறங்கலாகாது. ஒரு மெகாவாட் மின்சாரத்தை இடைவிடாது பயன்படுத்தும் மையம், ஓராண்டில் 87,60,000 யூனிட்டைச் செலவிடும். பெரிய மையங்களோ பல மெகாவாட் கேட்பவை. உட்கொண்ட மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகிவிடும். அதைத் தணிக்கக் குளிர்காற்றோ நீரோ வேண்டும். மின்தடை நேர்ந்தால் கைகொடுக்க டீசல் ஜெனரேட்டர்கள் வேண்டும்.

கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில் இத்தகைய மையங்கள் பெருகியுள்ளன. எனினும், குளிர் இயற்கையாகவே கிடைக்கும் நீலகிரியில் ஒன்றைக் கட்டினால் என்ன என்னும் எண்ணம் எவருக்கும் எழக்கூடியதே. சுவீடன் நாட்டின் லூலியோ நகரில் 2013-ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் திறந்த மையம், அவ்வூரின் குளிர்காற்றைக் கொண்டே இயங்குகிறது. தேயிலைக்குப் போதிய விலை கிடைக்காது தவிக்கும் மலைமக்களின் பிள்ளைகளுக்கு வேலை என்ற சொல்லும் இனிக்கத்தான் செய்யும்.

ஆயின், குளிரை நாடி உதகைக்குத் தொழில் வருவது இது முதல்முறையாகாது. தூசியற்ற குளிர்ந்த காற்றைக் கருதியே 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கே நிறுவப்பட்டது. 1967-இல் உற்பத்தி தொடங்கிற்று. திரைப்படச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கே உருவாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. பின்னர் நட்டம் பெருகியது. சுருளே தேவைப்படாத டிஜிட்டல் படங்களும் வந்து சேர்ந்தன. 2014-இல் ஆலையை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தச் சுருளின் இடத்தைப் பிடித்த படங்களைக் காக்கவே இன்று தரவு மையங்கள் எழுகின்றன என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. தொழில் தொடங்கும் நாளில் அதன் முடிவையும் எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

மலை எல்லாவற்றையும் மறுக்கிறது என்றும் நாம் சொல்வதற்கில்லை. 1970-இல் உதகையை அடுத்த முத்தோரையில் எழுந்த ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளமுள்ள அக்கருவி, அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒத்த சரிவுடைய குன்றைத் தேடிக் கண்டு, அதன்மேல் அமைக்கப்பட்டது. மாறாக, மசினகுடி அருகே சிங்காராவில் எண்ணப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடம், முதுமலைப் புலிகள் காப்பகத்தையும் யானைகளின் வழித்தடத்தையும் முன்னிட்டு 2009-இல் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெருமழையால் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவை வெட்டிச் சமன் செய்து கட்ட விழைவோர் மறக்கலாகாத நிகழ்ச்சி அது.

பிறர் ஒப்படைத்த படமும் கணக்கும் அமானிதமே. அவற்றைக் காப்பவர் கடமை தவறலாகாது. ஆனால், மலையும் அதன் ஊற்றும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மற்றோர் அமானிதம் அன்றோ? ஒருவர் தந்த பொருளைக் காப்பதற்காக மற்றொருவர் தந்த பொருளை விற்கும் காவலனை நாம் நேர்மையாளன் என்போமா?

ஆகவே, திட்டம் தீட்டுவோர் மலை என்ன தரும் என்று கணக்கிடுமுன், அது எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட வேண்டும். கோடையில் குன்னூர்த் தெருவில் குடத்துடன் காத்திருக்கும் பெண்ணின் பங்கிலிருந்து ஒரு துளியும் எடுக்கப்படாது என்ற உறுதி வேண்டும். வேலை எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதை முன்னரே சொல்ல வேண்டும். மையம் மூடப்படும் நாளில் மண்ணைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. ஒரே காட்சியைப் பத்துமுறை எடுத்து, பத்தையும் சேர்த்துவைத்து, ஒன்றையும் பாராதிருப்பவர் நாமே. அந்த வீண் விரயத்துக்கும் எங்கோ மின்சாரம் எரிகிறது. எங்கோ நீர் வற்றுகிறது. தாய் பார்த்து மகிழும் படம் இருக்கட்டும். பாராத ஒன்பதை இன்றிரவே நாம் அழித்துவிடலாம்.