சுருட்டும் சேமிப்பும்

1887இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுகொள்கிறார். நம் ஊர்ப் பண்டம் அக்கதைக்குள் நுழைவது எரிந்து முடிந்த பிறகுதான்.

அதை எரியாமல் வைத்திருக்கச் செலவு அதிகமில்லை. இறுக மூடும் டப்பா, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, உட்புறம் ஸ்பானிஷ் சிடார் மரச் சீவல். ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் இலை நொறுங்கும், மிகுந்தால் பூஞ்சணம்.

எரிவதற்கென்றே சுற்றப்பட்ட ஒன்றை இப்படிப் பேணுவது மரியாதையா, உடைமை வெறியா? ஸ்ரீரங்கத்தில் அரையர் பாடப் பாடப் பாசுரம் குறைவதில்லை. அங்கே பேணுதலும் பயன்படுத்துதலும் ஒரே காரியம். பழைய கவிதையைத் தொட்டால் தீர்ந்துவிடும் என்று பயப்படும் மரபுக் காவலர்கள் அதைச் சுருட்டாகப் பாவிக்கிறார்கள்.

சுருட்டோ உண்மையிலேயே தீர்ந்துபோகும். ஆகவே யாருக்காக, எதுவரை என்ற கேள்விக்குப் பேணுகிறவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பதில் இல்லையென்றால், பூஞ்சணம் பிடிக்காவிட்டாலும் அவன் சுருட்டு கெட்டுப்போனதுதான். நண்பன் வரும் நாளுக்கென்று வைத்திருப்பவனிடம் இழக்கச் சம்மதம் முன்கூட்டியே இருக்கிறது. சேமிப்பு அறமாவது அந்தச் சம்மதத்தால்.