லட்சுமி வந்த கதிர்

களமருதூரில் எங்கள் வீட்டுக் கடைசி அறையில் ஒரு மண் குதிர் இருந்தது. அதில் கிச்சிலிச் சம்பா விதைநெல்; பக்கத்துப் பானையில் கொஞ்சம் மாப்பிள்ளைச் சம்பா. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொன்ன முதல் சட்டம்: "தூரமான நாள்ல அந்தப் பக்கம் போவாத. விதை கெட்டுடும்."

அதே மாமியார், அறுப்பு நேரத்தில் கதிரில் மஞ்சள் உருண்டை கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாய்க் கிளம்பி, போகப்போகக் கரும்பச்சையாகி, தொட்டால் விரலில் மாவாய் ஒட்டும். "லட்சுமி வந்துட்டா" என்று அந்தக் கதிரையும் விதையோடு சேர்த்து வைப்பார்.

அது பூஞ்சணம். நெற்பழ நோய் என்பார்கள். லட்சுமி நோய் என்றும் பெயர் உண்டு. குக் என்ற பூஞ்சை ஆய்வாளர் 1878-இல் இதைப் பற்றி எழுதியதே நம் திருநெல்வேலிக் கதிரை வைத்துத்தான். லட்சுமி என்று பெயர் வைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். பயிர் கொழுத்து நிற்க, பூக்கும் சமயத்தில் மழையும் ஈரமும் சேர்ந்தால்தான் இது பரவும். நன்றாக விளையும் வருஷமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கண்டது சரி. அதைக் கும்பிட்டு அடுத்த வருஷத்துக்கும் எடுத்துவைத்ததில்தான் எனக்குச் சிக்கல்.

ஒரு தை மாதம், மூட்டம் போட்ட வானம். சரியாகக் காயாத நெல்லைக் குதிரில் கொட்டி வாயை மெழுகிவிட்டார்கள். விதையில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆவணியில் திறந்தால் மக்கல் வாடை, நெல்மேல் சாம்பல் பூத்த மாதிரி. முளை கட்டிப் பார்த்தால் பாதிகூட எழும்பவில்லை. பழி என்மேல். குதிரை மெழுகிய நாள் தொட்டு நான் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தேன். தீட்டு பஸ் ஏறி வரும் போலிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. கெடுப்பதுதான் தீட்டு என்றால், குதிருக்குள் புகுந்த ஈரத்துக்கு ஏன் யாரும் விலக்கு வைக்கவில்லை? இளையான்குடி மாறநாயனார் கதை எல்லோருக்கும் தெரியும். நடுராத்திரி மழையில் போய், விதைத்த நெல்லை அள்ளி வந்து அடியாருக்குச் சோறு போட்டவர். அந்த யோசனையைச் சொன்னது அவர் மனைவி. வந்த நெல்லைக் கழுவி, வறுத்து, குத்திச் சமைத்ததும் அவள்தான். அடியார் வேடத்தில் விருந்தாக வந்த சிவன், உனக்கு இது எத்தனையாவது நாள் என்று அவளைக் கேட்டதாகக் கதையில் இல்லை.

பிறகு விதை என் பொறுப்புக்கு வந்தது. தொட்டித் தண்ணீரில் கோழிமுட்டை மேலே வந்து காசளவு தெரியும் வரை உப்பைக் கரைத்தேன். நெல்லைக் கொட்டிக் கலக்கியதும் பதரும் சொத்தையும் அந்த உருண்டைகளும் மிதந்தன. அரித்து எடுத்து அடுப்பில் போடப் போனேன்.

"லட்சுமியையா எரிக்கிற?"

"ஆமாம் அத்தை."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒரு கை அள்ளி, கண்ணில் ஒற்றி, அவரே நெருப்பில் போட்டார். அடியில் தங்கிய நெல்லை இரண்டு தண்ணீரில் அலசி என் முறத்தில் கொட்டினார்.

அன்று எனக்கு இரண்டாம் நாள். அது அவருக்கும் தெரியும்.