எழுதுகோலும் தொட்டிலும்

எழுதவேண்டும் என்று துடிக்கும் நெஞ்சம் ஒருபுறம். உழைத்தே தீரவேண்டிய வயிறு மறுபுறம். முடிக்கப்படாத பக்கம் ஒருபுறம். தொட்டிலில் அழும் குழந்தை மறுபுறம். இடையே நிற்பவன் எதைத் தேர்வது? எதைத் தேர்ந்தால் அறம்? எழுத்தை விட்டால் கோழை என்று ஏசும் உள்ளம். குழந்தையை விட்டால் கொடியவன் என்று ஏசுவதும் அதே உள்ளம்தான். இரு குரலுக்கும் செவி சாய்த்தபின்னரே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

காஞ்சிபுரத்தில், தறியொலி ஓயாத தெருவொன்றிலே குடியிருக்கிறோம். பிழைப்பு பள்ளி ஆசிரியர் வேலை. பகலெல்லாம் வகுப்பு, மாலையெல்லாம் விடைத்தாள், இடையே மேலிடம் கேட்கும் புள்ளிவிவரப் படிவங்கள். இரவு பத்து மணிக்குமேல், ஊர் உறங்கியபின், நாம் எழுத அமர்வோம். அந்த நேரத்தை 'நமது நேரம்' என்று பெருமையோடு சொல்லிவந்தோம். அது நமது நேரம்தானா என்று ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. எல்லாவற்றையும் ஏன், எதற்கு என்று கேள் எனப் பிறருக்கு எடுத்துரைத்த நாம், நம் வீட்டு விளக்கின் கீழே கேள்வி கேட்க மறந்தோம்.

ஓர் இரவு. பெண்ணுரிமை பற்றிய கட்டுரை. மறுநாள் அஞ்சலில் சேர்க்கவேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். உள்ளேயிருந்து துணைவியார் அழைத்தார். "இதோ, ஒரு பத்திதான்" என்றோம். மீண்டும் அழைத்தார். "இதோ வந்துவிட்டேன்" என்றோம். பத்தி முடிந்தது, அடுத்த பத்தி பிறந்தது, சொற்கள் சுரந்தன, உவமைகள் ஓடிவந்தன. எழுதி முடித்து நிமிர்ந்தபோது வீடு அமைதியாக இருந்தது. குழந்தை உறங்கிவிட்டது போலும் என்று மகிழ்ந்து உள்ளே சென்றோம். தொட்டில் காலி. வாயிற்கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு நெசவாளர் ஆட்டோ அழைத்துவர, அவரோடு துணைவியார் மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தார்.

குழந்தை பிழைத்தது; மூன்றாம் நாள் சிரித்தது. ஆனால் மேசைமீது கிடந்த கட்டுரையை நம்மால் படிக்க இயலவில்லை. அதிலே பெண்ணின் விடுதலை இருந்தது. அதை எழுதிய வீட்டிலே பெண்ணின் குரல் இருமுறை ஒலித்தும் கேட்பாரில்லை. இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்?

தோழர்களே, நம்மைப் போன்ற இளைஞர்களிடம் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. கோயிலிலே இல்லை அது. நம் எழுத்து மேசையிலே இருக்கிறது. எழுத்து என்பது எங்கிருந்தோ வந்து ஆட்கொள்ளும் அருள்; அது வரும்போது மனைவி, மக்கள், உடல், உறக்கம் எல்லாவற்றையும் அதன் காலடியில் காவு கொடுக்கவேண்டும் என்கிற நம்பிக்கை. சாமியாடியை எள்ளி நகைக்கும் நாம், எழுதுகோல் பிடித்தவுடன் நாமே சாமியாடி ஆகிவிடுகிறோம்! எழுத்து அருளன்று, உழைப்பு. நெசவைப் போல், உழவைப் போல் ஓர் உழைப்பு. உழைப்பென்றால் அதற்கு நேரக் கணக்குண்டு, கூலிக் கணக்குண்டு, அதற்குத் துணைநின்றவர் யார் என்ற கணக்கும் உண்டு.

இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்திலே 1909-ல் பிறந்தவர் அண்ணா. குடும்ப வறுமையால் நகராட்சியில் எழுத்தராகச் சிலகாலம் பணி செய்தவர். பட்டம் பெற்றபின் சிறிதுகாலம் ஆசிரியராகவும் இருந்தவர். 1942-ல் இவ்வூரிலிருந்தே 'திராவிட நாடு' கிழமை இதழைத் தொடங்கி, கதையும் கட்டுரையும் மடலுமாக எழுதிக் குவித்தவர். 'ஓர் இரவு' படத்துக்கான உரையாடலை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த செய்தி. கொண்டாடத்தக்க இரவுதான். ஆனால் அந்த ஓர் இரவிலிருந்து நாம் கற்ற பாடம் என்ன? உறங்காதவனே எழுத்தாளன் என்ற பாடம்! ஓர் இரவு ஓர் இரவுதான், தம்பி. அதை ஓராண்டின் இரவுகளுக்கெல்லாம் சட்டமாக்கினால் உடல் ஒப்பாது.

நம் உடலும் ஒப்பவில்லை. இருபத்தெட்டு வயதிலே தலைவலி, வயிற்றெரிச்சல், படுத்தாலும் வராத உறக்கம். மருத்துவர் இரத்த அழுத்தத்தை அளந்தார்; மறுபடியும் அளந்தார். "எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்றார். நான்கு என்றோம், பதக்கத்தைக் காட்டுபவன் போல. அவர் வியக்கவில்லை. "மாத்திரை பிறகு தருகிறேன், முதலில் தூங்குங்கள்" என்றார்.

நலிவையே நாம் கலையின் முத்திரை என்று எண்ணிப் பழகிவிட்டோம். பாரதியார் 1921-ல் மறைந்தபோது வயது 38. கு.ப.ரா. 1944-ல் மறைந்தபோது 42. காசநோய்க்குப் புதுமைப்பித்தன் 1948-ல் இரையானபோது அவருக்கும் 42. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959-ல் மறைந்தபோது 29! இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, "துன்பம்தான் அவர்களை எழுத வைத்தது" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. இது என்ன வாதம்? ஏழையைப் பார்த்து, உன் வறுமை உன் விதி என்று சொன்னானே ஒருவன், அவன் சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? துன்பத்தால் அவர்கள் எழுதவில்லை. துன்பத்தை மீறி எழுதினார்கள். 29 வயதில் நின்றுபோன ஒரு கைக்கு இன்னும் முப்பதாண்டு கிடைத்திருந்தால் எத்தனை எத்தனை பாடல்கள்! அதை எண்ணி அழவேண்டியவர்கள், அதையே புகழாக்கி மாலை சூட்டுகிறோம்.

"அப்படியானால் எழுத்தைத் தூக்கி எறிந்துவிடலாமே, வேலை உண்டு, குடும்பம் உண்டு என்று இருந்துவிடலாமே" எனக் கேட்கும் நண்பர்கள் உண்டு. கூடாது என்பதே நம் விடை. காரணம் இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பல்லவர் காலத்துக் காஞ்சியிலே கடிகை என்னும் கல்விக்கூடம் புகழோடு விளங்கிற்று. அக்காலத்திலே கற்றோர்க்கு நிலமும் ஊரும் கொடையாகச் சென்றதைச் செப்பேடுகள் சொல்கின்றன. நிலம் கொடுத்தான் மன்னன் என்பார்கள். உண்மையில் கொடுக்கப்பட்டது ஓய்வு! யாரோ உழுதார்கள், யாரோ நெய்தார்கள்; அவர்கள் உழைப்பிலே பிறந்த ஓய்வில் சிலர் ஓதினார்கள், எழுதினார்கள். ஓய்வுடையவனே எழுதுவான் என்றால், அவன் கண்டதே உலகம், அவன் சொன்னதே நீதி என்றாகும். உழைப்பவன், 'எனக்கு நேரமில்லை' என்று எழுதுகோலை வைத்துவிட்டால், அது மீண்டும் பழைய கைக்கே போய்ச் சேரும். ஆகவே எழுதுவது நம் ஆசை மட்டுமன்று. ஓர் உரிமையைக் காப்பதுமாகும்.

தமிழின் பழைய மரபும் இதுதான். சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார், நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், பொன் உருக்கியவர். தொழிலைப் பெயரிலேயே சுமந்து பாடினார்கள் அவர்கள். தொழில் கவிதைக்குப் பகை என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. அண்மைக் காலத்திலே பாரதிதாசன் ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே பாடினார். உருசிய நாட்டுச் செகாவ், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, காசநோயையும் சுமந்துகொண்டே எழுதினார்.

ஆனால் நில்லுங்கள். இந்தப் பட்டியலில் ஆடவரை எண்ணுவது எளிது. அவர்கள் வீட்டிலே அடுப்பை யார் பார்த்தார்கள், குழந்தையை யார் பார்த்தார்கள் என்று வரலாறு எழுதவில்லை. அங்கேதான் அறத்தின் முடிச்சு கிடக்கிறது.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையிலே இருக்கிறது. உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரு நாடா, ஆக மூன்று. ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் பின்னிக்கொள்ளவேண்டும். பழைய முறைக் கோர்வையைத் தனியொருவர் நெய்ய இயலாது. மறுபக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியின் கை. ஒருகாலத்தில் பல வீடுகளில் பிள்ளையின் கை. நம் துணைவியார் நெசவாளர் வீட்டுப் பெண். பள்ளிக்குப் புறப்படுமுன் தந்தையின் தறியில் மறுகரை நாடா தள்ளியவர்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னர் அவர் சொன்னார்: "நீங்கள் எழுதுவதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பா தறியில் மறுகரை நாடா தள்ளியது நான். கூலி அட்டையிலே அப்பா பெயர். இங்கேயும் மறுபக்கத்திலே நிற்பது நான்தான். கட்டுரையிலே உங்கள் பெயர். அது தெரிந்து எழுதுங்கள். அது போதும்."

கடிகைக்கு ஓய்வு கொடுத்த உழவனும் நெசவாளனும் யார் என்று கேட்ட நமக்கு, நம் ஓய்வைக் கொடுத்தவர் எதிரே அமர்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. 'நமது நேரம்' என்று சொன்னோமே, அது அவருடைய உறக்கத்திலிருந்து எடுத்த நேரம். கேளாமல் எடுத்த பொருளுக்குத் தமிழிலே என்ன பெயர் என்று நம் மாணவனே சொல்வான்.

கச்சிப்பேட்டு நன்னாகையார் என்றொரு புலவர், இந்தக் காஞ்சிக்காரர், பெண்பாற் புலவர் என அறிஞர் கொள்வர். குறுந்தொகைப் பாட்டொன்றில், அளவு கடந்து வருந்தும் நெஞ்சுக்கு அவர் தந்த உவமை, ஏழூருக்கும் பொதுவாக ஓரூரில் அமைந்த உலையின் துருத்தி. அவர் சொன்னது பிரிவுத் துயரை. இன்றைக்கு அந்தத் துருத்தி யார்? பள்ளிக்கும் அடுப்புக்கும், முதியோர் மருந்துக்கும் பிள்ளை பாடத்துக்கும் ஓய்வின்றி ஊதிக்கொண்டிருக்கும் தாய்தான்! அவளும் எழுத விரும்பினால் என்னாகும்? துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்ட சல்மா, மணமானபின் வீட்டார் அறியாமல் கழிவறையில் நின்று எழுதவேண்டியிருந்தது. 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் அவருடைய நாவல் வெளிவந்தது. கடல் கடந்தால், இரு மகன்களைத் தனியே வளர்த்துக்கொண்டு பதிப்பகத்தில் வேலை பார்த்த டோனி மாரிசன், பிள்ளைகள் எழுமுன் விடியலில் எழுந்து எழுதினார்; 1993-ல் நோபல் பரிசு பெற்றார். அவர்களின் உறுதியை வணங்குகிறோம். ஆனால், கழிவறையிலும் எழுதமுடியுமே என்று சமூகம் அதையே சமாதானமாக்கிக்கொண்டால், அதை மன்னியோம்.

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு: இது உலகத் தொழிலாளர் எழுப்பிய முழக்கம். 1923-ல் இந்தியாவின் முதல் மே நாளைச் சிங்காரவேலர் சென்னையிலே கொண்டாடினார். அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்து முயற்சியால், ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு 1946-ல் சட்டமாயிற்று. ஆலைக்குச் சங்கு உண்டு. வீட்டுத் தறிக்குச் சங்கில்லை. அடுப்புக்குச் சங்கில்லை. தொட்டிலுக்குச் சங்கில்லை. 2021 முதல் தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்க்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம், நல்லது. வீட்டுத் தறியில் மறுகரை நாடா தள்ளும் தாய்க்கு எத்தனை மாதம்? குழந்தைகள் காப்பகம் ஒவ்வொரு நெசவுத் தெருவிலும் எழவேண்டும் என்று கேட்பதும் இலக்கியப் பணியே என்போம்.

அதுவரை வீட்டிலே என் செய்வது? நாம் செய்ததைச் சொல்கிறோம், பெருமைக்கன்று, ஒப்புநோக்க. ஒரு தாளிலே இருவருடைய இருபத்துநான்கு மணியையும் எழுதினோம். நம் பக்கத்தில் 'எழுத்து' என்று இரண்டு மணி. அவர் பக்கத்தில் அதற்கு ஈடான இடம் வெற்றாக இருந்தது. அந்த வெற்றிடமே நம் குற்றப் பத்திரிகை. அன்றே முடிவு செய்தோம்: வாரத்தில் மூன்று மாலை நாம் எழுதுவது, மூன்று மாலை அடுப்பும் தொட்டிலும் நம் கையில், அவர் நேரம் அவருக்கு. பதினொன்றுக்குமேல் விளக்கில்லை. குழந்தைக்கு நோயென்றால் எந்த ஏட்டின் கெடுவும் கெடுவன்று.

முதல் மாலை, "உங்கள் நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? படிக்கலாம், நீங்களும் எழுதலாம்" என்று ஆசிரியருக்கே உரிய ஆர்வத்தோடு கேட்டோம். அவர் சொன்னார்: "எனக்குத் தூங்கவேண்டும்." உறங்கினார். நாம் சிறிது ஏமாந்தோம். பிறகு அந்த ஏமாற்றத்துக்காக நாணினோம். ஒருவருக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை எப்படிச் செலவிடவேண்டும் என்று கட்டளையும் இடுவதற்கு நாம் யார்?

இப்போது நாம் எழுதுவது குறைந்துவிட்டது. முன்பு திங்களுக்கு நான்கு, இப்போது ஒன்று. கையெழுத்துப் படியைத் திருத்த நேரம் கிடைப்பதால் அந்த ஒன்று முன்னைய நான்கைவிட மோசமாக இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தலைவலி குறைந்திருக்கிறது, முற்றும் போகவில்லை. சில மாலைகளில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கையில், நல்ல சொல்லொன்று வந்து எழுதப்படாமலே போய்விடுகிறது. அந்த இழப்பு உண்மை, அதை மறைக்கமாட்டோம். ஆனால் அது நாம் கொடுக்கும் விலை. முன்பு அந்த விலையை வேறொருவர் கொடுத்தார்.

எழுதுங்கள், தோழர்களே! உழைப்பவர் எழுதாத நாட்டிலே உழைப்பின் கதையைப் பிறர் பொய்யாய் எழுதுவர். ஆனால் எழுத அமருமுன் ஒருமுறை தலையைத் திருப்பித் தறியின் மறுகரையைப் பாருங்கள். அங்கே நிற்பவர் யார்? அவர் உறங்கி எத்தனை நாளாயிற்று? அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லிவிட்டு, பிறகு எழுதுகோலைத் திறவுங்கள்.